கதவடியில் ஒரு நாற்காலி

"எழுந்திருங்க. நான் உள்ளே போகணும்."

கதவை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நெட்டையன் அசையவில்லை. "நீங்க யாரு?"

"உள்ளே படுத்திருக்காளே, அவளோட ஹாஸ்டல் ரூம்மேட். நீங்க யாரு, வாட்ச்மேனா?"

"இன்னைக்கு அப்படித்தான்னு வச்சுக்குங்க. அவ தெளியற வரைக்கும் கண்டவங்களை உள்ளே விடறதா இல்லை."

வந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரீட்சை முடிந்த குஷியில் பட்டப்பகலிலேயே பார்ட்டி. கூடத்தில் பாட்டு காதைப் பிளந்தது. கோப்பையும் கையுமாக ஆடியவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மாடியேறி வந்தால், யாரோ ஒருவன் விசாரணை நடத்துகிறான். கையிலிருந்த குடையை இறுக்கிப் பிடித்தாள்.

"அவ எப்படி இருக்கா?"

"பார்ட்டி குடுக்கற இந்த வீட்டுப் பொண்ணை விட்டு அவளை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாச்சு. பக்கத்துல வாளி. இங்கிருந்தே அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கறேன், திட்டறா. திட்டற வரைக்கும் பயமில்லை."

தோழியின் வாய் அவளுக்குத் தெரியும். பாதி உயிர் திரும்பி வந்தது.

"நான் ஓடி வந்ததே ஒருத்தனைத் தடுக்கத்தான். ரெண்டு மாசமா போன்ல குழையற ஆளு. மூஞ்சியைக்கூட எங்களுக்குக் காட்டினதில்லை. குடிச்சுட்டு அவனைக் கூப்பிட்டு, 'உடனே வா, இன்னைக்கு எனக்கு எல்லாம் சம்மதம்'னு சொல்லியிருக்கா. அதைப் பெருமையா எனக்கு வேற மெசேஜ் போட்டிருக்கா."

போனை நீட்டினாள். தோழியும் அவளும் சேர்ந்து எடுத்த படமும் அதில் இருந்தது. மெசேஜைப் படித்தவனின் காது சிவந்தது.

"அவளே கூப்பிட்டான்னு சொல்லிக்கிட்டு வந்து நிப்பான், பாருங்க."

"சொல்லட்டும். சொந்தப் பேரையே குளறிச் சொல்றவ, சம்மதம்னு சொன்னா அது சம்மதமா? நாளைக்குத் தெளிஞ்சு, மூஞ்சி கழுவிட்டு வந்து சொல்லட்டும். அப்போ பார்த்துக்கலாம்."

குரல் உயரவில்லை. ஆனால் நாற்காலியோடு தூக்கிப் போட்டாலொழிய இவன் நகரமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. முதல்முறையாக அவன்மேல் நம்பிக்கை வந்தது.

"நீங்க போங்க" என்று நாற்காலியை ஒதுக்கினான்.

உள்ளே காலெடுத்து வைத்தவள் திரும்பினாள். "அவன் வந்தானா?"

"வந்தான்."

"விரட்டிட்டீங்கதானே?"

"இல்லை. உள்ளே மட்டும் விடல."

"அப்போ இன்னும் இந்த வீட்லதான் இருக்கானா? எங்கேன்னு காட்டுங்க." குடை மேலே போனது.

நெட்டையன் நாற்காலியைப் பழையபடி கதவடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"குடையைக் கொஞ்சம் இறக்குங்க. அவ கூப்பிட்டதும் ஓடி வந்தவன் நான்தான்."