குணலட்சுமி வீட்டுப் படலை

"குணலட்சுமி! படலையைத் திறக்காதை. அங்கையே நிண்டு கதை!"

நமசிவாயம் ஒழுங்கையில் நின்று கத்தினார். வாயையும் மூக்கையும் மூடி மாஸ்க். அது காணாதென்று அதுக்கு மேலே சால்வையாலும் ஒரு சுற்று. பின்னால் அயலட்டைச் சனம். கூட்டமாய் வந்தாலும் ஆளுக்கு ஆள் தள்ளித்தான் நின்றார்கள்.

"என்னண்ணை, காலமை வெள்ளெனவே ஊரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்?"

குணலட்சுமி முற்றத்தில் நின்றே கேட்டாள். புருஷன் செத்தபிறகு பின்னறையை வாடகைக்கு விட்டுச் சீவிக்கிறவள்.

"உன்ரை பின்னறையிலை இருக்கிற நேர்ஸ் பெட்டையை வீட்டை விட்டு எழுப்பு. நாளைக்கு விடிய அவள் இந்த ஒழுங்கையிலை இருக்கக் கூடாது."

"பிரதீபாவையோ? அந்தப் பிள்ளை என்ன செய்தது?"

"என்ன செய்ததோ! கொரோனா வார்ட்டிலை வேலை. கிருமியைக் காவிக்கொண்டு எங்கடை வாசலாலை தானே ஸ்கூட்டியிலை போறாள்!"

அவரைக் குறைசொல்லியும் என்ன? போன கிழமைதான் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மனிசன் கொரோனாவில் செத்துப்போயிருந்தார். பெண்சாதிக்குக்கூட முகம் காட்டவில்லை. சுற்றிக் கட்டின பெட்டியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைச் சனம் கதவிடுக்கால் பார்த்தது. அன்றிலிருந்து ஒருத்தருக்கும் நித்திரை இல்லை.

நமசிவாயத்துக்கு மூச்சு முட்டு வருத்தமும் இருந்தது. விடிய எழும்பினதும் மூச்சை அடக்கிப் பார்ப்பார். அடக்க முடிந்தால் இன்றைக்குத் தப்பினேன் என்று கும்பிடுவார். தொண்டை கொஞ்சம் காறினால் போதும், மனிசன் கொத்தமல்லி அவிக்கச் சொல்லி நிற்பார்.

"அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை ஊர் முல்லைத்தீவு. பஸ்ஸும் ஓடேல்லை. எங்கை போகும்? உங்கடை ஆரணியும் லண்டனிலை உதே வேலைதானே செய்யிறா?"

பின்னால் நின்ற சனம் நமசிவாயத்தைப் பார்த்தது.

"அது லண்டன்!" நமசிவாயம் சீறினார். "அங்கை எல்லாம் முறையாய்ச் செய்வாங்கள். என்ரை மகளுக்குச் சனம் வாசலிலை நிண்டு கை தட்டினது, தெரியுமே? உதையும் இதையும் ஒண்டாக்காதை!"

பின்னறை யன்னலில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. சனம் பயந்து பின்னால் நகர்ந்தது.

"நாளைக்குக் காலமை ஓட்டோவோடை வருவம். அவள் ஏறாட்டில் சாமானெல்லாம் றோட்டிலை கிடக்கும். சொல்லிப்போட்டன்!"

நமசிவாயம் வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணியில் கால் கழுவிக்கொண்டே உள்ளே பார்த்தார். மனைவி சிவகௌரி குசினி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஆரணி போன் எடுத்தவளோ?"

"ஓம். சுகமாய் இருக்கிறாளாம்."

"பாத்தியே! அதுதான் லண்டன்."

சிவகௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை ஓட்டோ வந்தது. சனமும் வந்தது. குணலட்சுமி வீட்டடிக்குப் போனதும் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

படலையில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

"ஐயோ, அம்மை வருத்தம், கொப்புளிப்பான்!" பின்னால் நின்ற ஒரு பொம்பிளை வீரிட்டாள். "அம்மாள் வந்து நிக்கிறா!"

வெறும் கிருமி என்றால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சண்டை பிடிக்கலாம். அம்மாளோடு ஆர் சண்டை பிடிக்கிறது? ஓட்டோக்காரன் பிரகாஸ் ஒருத்தரையும் கேளாமலே வண்டியைத் திருப்பினான்.

நமசிவாயம் முகத்தில் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். படலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே, தெரியாமல் வந்திட்டம். பொறுத்துக்கொள்."

சத்தம் கேட்டு வெளியே வந்த குணலட்சுமி, படலையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். கண் மூடித் திறக்கமுன் ஒழுங்கை வெறிச்சோடிப்போனது.

நமசிவாயம் தன் வளவுக்குள் வந்ததும்தான் கவனித்தார். கிணற்றடி வேம்பில் கைக்கெட்டப் பதிவாய் நின்ற கொப்பு முறிந்திருந்தது. முறிவு இன்னும் ஈரம்.

"சிவகௌரி! குணலட்சுமி வேப்பிலை கேட்டு வந்தவளோ?"

"இல்லை."

"அப்ப ஆர் முறிச்சது?"

"நான்தான். விடிய முதலே போய்க் கட்டினதும் நான்தான்."

"அந்த வீட்டிலை ஆருக்குக் கொப்புளிப்பான்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"உனக்கென்ன விசரே? அம்மாளின்ரை பேரிலை பொய்யோ? எங்களுக்கு ஒண்டு நடந்தால் என்ன செய்வாய்?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"நடந்திட்டுது." சிவகௌரியின் குரல் உடைந்தது. "ஆரணியை வீட்டுக்காரர் அறையை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டினமாம். கிருமி கொண்டு வாறாளாம். நேற்று எடுத்து அழுதவள். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ எண்டவள்."

நமசிவாயம் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார்.

"கை தட்டினவங்கள் தானே..."

"ஓம். கை தட்டின அதே சனம்தான்."

சிவகௌரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"லண்டன் படலை எனக்கு எட்டாது. எட்டின படலையிலை கட்டிப்போட்டு வந்திருக்கிறன்."