நீலச் சட்டை

நகரத்துப் பாலங்களையெல்லாம் ஒரே தாளில் வரைந்து, அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார் ஓவியர் நெடுமாறன். போன மாதம் ஒன்று வாங்கிப்போன தவமணி, சட்டம் போட்ட படத்தோடு திரும்பி வந்தாள். கண்ணாடியில், ஆற்றுப்பாலத்தின் மேல், செத்தவர் படத்துக்கு வைப்பதுபோல் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

“இது எதுக்கும்மா?”

“எம்புள்ள நிக்கிறானே, நீலச் சட்டையில.”

“பாலம் எவ்வளவு உயரம்னு தெரியணுமேன்னு சும்மா ஒரு ஆளைப் போட்டேம்மா. அது யாருமில்ல.”

“அன்னிக்கு இதே சட்டதான். இதே எடத்துலேருந்துதான் குதிச்சான்.”

நெடுமாறன் குனிந்து அந்த நீலச் சட்டையைக் கிட்டத்தில் பார்த்தார்.

“கைப்பிடிச் சுவர ஒட்டி நிக்கிறான் சார். கொஞ்சம் உள்ள தள்ளி வரைஞ்சு குடுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள், அவள் முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துப் பொட்டைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.