எரியாத மஞ்சள் விளக்கு

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்தபடியே விட்டு, அவன் பல் துலக்கப் போனான்.

அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் தன் கோளாறையெல்லாம் மறந்துவிடும்.

திரும்ப வந்து வயரை மாட்டினான். சாவியைத் திருகினான்.

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கை விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. கடிகாரம் மட்டும் பன்னிரண்டு என்று காட்டியது. அதையும் சரிசெய்தான். திருட்டு வேலை என்றாலும் சுத்தமாக இருக்க வேண்டுமே.

மலையேறி எஞ்சின் சூடானால் அந்த விளக்கு மறுபடி வரும். வந்த சற்று நேரத்தில் எஞ்சின் படுத்துவிடும். போன மாதம் ஏற்காட்டு வளைவில் அப்படித்தான் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் எப்படியோ ஒடித்துத் திருப்பிவிட்டான். கூட இருந்த இவன் மனைவி அதற்குப் பிறகு இந்தக் காரில் ஏறவில்லை. எந்த மெக்கானிக்குக்கும் என்ன கோளாறு என்று பிடிபடவும் இல்லை.

யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று முடிவு செய்தான்.

அந்த யாரோ இப்போது வாசலில் வந்து நின்றான். பூபதி. ஏற்காட்டில் பேக்கரி வைத்திருப்பவன். கூடவே மனைவி. அவள் இடுப்பில் பெண் குழந்தை.

குழந்தைக்கு வீசிங் வந்தால் உடனே சேலத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் யாருடைய வண்டிக்காவது கெஞ்ச வேண்டியிருக்கிறது, இனிமேல் அந்தக் கவலை இல்லை என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

போனில் பேசியபோது பூபதி குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லிவிட அவன் வாயைத் திறந்தான். காபி சாப்பிடுகிறீர்களா என்றுதான் வந்தது.

வேண்டாமாம். நல்ல நேரம் போய்விடுமாம்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் சுற்றினார்கள். அவன் சாவியை நீட்டினான். பூபதி வாங்கவில்லை.

“நீங்களே எடுத்துக் குடுங்கண்ணா. இத்தன வருசம் ஒரு கீறல் விழாம வச்சிருக்கீங்க. ராசியான கை.”

பூபதி முன்னால் ஏறிக்கொண்டான். குழந்தையோடு அவள் பின்னால்.

பழங்கள் நசுங்கின.

குழந்தை கைதட்டிச் சிரித்தது. சிரித்த வேகத்தில் இருமியது. அம்மா நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

விளக்கு எரியவில்லை.

அது அணைய வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருக்கிறான். இப்போது, எரிந்து தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினான். நான் சொல்ல மாட்டேன், நீயாவது சொல்.

தெருமுனை வரை ஓட்டி, இறங்கிச் சாவியைக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

அவன் நிறுத்தவில்லை.

எங்கே அண்ணா போகிறோம் என்று பூபதி சிரித்தபடி கேட்டான். கொஞ்ச தூரம் கழித்து மறுபடி கேட்டான். அப்போது சிரிக்கவில்லை.

விளக்கிலேயே ஒரு கண் வைத்தபடி அவன் ஏற்காட்டு மலைப்பாதைப் பக்கம் திருப்பினான்.

அடிவாரம் தாண்டியது. சாலை ஏறத் தொடங்கியது. செகண்ட் கியருக்கு மாற்றினான்.

“பாப்பாவ நல்லாப் புடிச்சுக்கோம்மா,” என்றான்.