ஒப்பந்த நெல்

"துளசிராமன், இது நாங்க குடுத்த விதை இல்லையே!"

விதைக் கம்பெனி அதிகாரி ரகுநந்தன் வரப்பில் நின்றபடி கையை நீட்டிக் காட்டினார். இடுப்பளவுப் பயிருக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் ஒரு முழம் உயர்ந்து நின்றன. முனையில் செம்பட்டை மீசை வேறு.

துளசிராமன் எட்டி ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தான்.

"இன்னிக்கே ஆள் வெச்சு புடுங்கிப் போட்டுடறேன் சார்."

"பூ விட்டாச்சு. இனிமே பிடுங்கி என்ன பிரயோஜனம்? வரப்போரமா மட்டும் இருந்தா, பக்கத்து வயல்லேர்ந்து வந்ததுன்னு எழுதிப் பார்க்கலாம். நட்ட நடுவுலயும் இருக்கே! நாத்து விடறப்பவே கலந்திருக்கு."

"சார், நீங்க ஒரு வார்த்தை மேல சொன்னா..."

"வேற ரகம் கலந்தா ஒப்பந்தம் ரத்துன்னு படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினேன்? இதை விதைக்கு எடுக்க மாட்டாங்க. வாங்கின முன்பணத்தை அபராதத்தோட கட்டணும். என்னால ஆகக்கூடியது ஒண்ணுமில்லை."

முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு ரகுநந்தன் பைக்கில் ஏறிப் போய்விட்டார். அவரும்தான் என்ன செய்வார், பாவம்!

ஆரம்பாக்கத்தில் அந்த வரிசையில் மிச்சம் இருந்தவை இரண்டே வயல்கள். ஒன்று துளசிராமனுடையது. மற்றது அவன் மனைவி கெங்கம்மாளின் தம்பி கோபாலுடையது. சுற்றியிருந்த நிலமெல்லாம் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வரும் லாரிகள் நிற்கும் இடமாகிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று லாரிக்காரர்கள் நடையாய் நடந்தார்கள். கொடுத்துவிடலாம் என்றான் கோபால். செத்தாலும் முடியாது என்றான் துளசிராமன். விதை ஒப்பந்தம் கைகொடுக்கும் என்று நம்பித்தான் அத்தனை வீறாப்பும். இப்போது முன்பணத்தையும் அபராதத்தையும் கட்ட, வயலை விட்டால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

பக்கத்து வயலைத் திரும்பிப் பார்த்தான். அதன் ஓரத்தில், கோபால் வருஷா வருஷம் போடும் பழைய சிவப்பு நெல் ஆடிக்கொண்டிருந்தது. அதே உயரம். அதே செம்பட்டை மீசை. அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை.

நாற்றங்காலில் விதை தெளித்தது யார்? கோபால்தான்! ராசியான கை என்று இவனே கூப்பிட்டுத் தெளிக்கச் சொன்னான்.

"இன்னா மாமா, ஆபீசர் இன்னா சொன்னாரு?" என்று சிரித்த முகமாக வந்தான் கோபால். கேட்டு முடிப்பதற்குள் கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது.

"உன் நெல்லு என் வயல்ல எப்டிடா வந்துச்சு? நீதானடா தெளிச்ச! லாரிக்காரன் டப்புக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு என் பொழப்பையே கெடுத்துட்டியேடா!"

கோபால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ மாமா, நீ குடுத்த மூட்டையைப் பிரிச்சு அப்டியே தெளிச்சேன். உன் ஒப்பந்தத்துக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவனே நான்தான. நீ கட்டலன்னா என் வயலைத்தான் புடிப்பானுங்க. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்குவனா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயம் காதில் ஏறும் நிலையிலா இருந்தான் துளசிராமன்? மறுபடியும் கையை ஓங்கினான்.

சாப்பாட்டுக் கூடையுடன் வந்த கெங்கம்மாள் பதறி ஓடிவந்து தடுத்தாள். "இன்னாங்க இது? இன்னா ஆச்சு?"

"உன் தம்பியைக் கேளு! வெதையைக் கெடுத்து வெச்சிக்கிறான். ஒப்பந்தம் போச்சு. வயலும் போவப்போவுது. நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்."

கெங்கம்மாள் கூடையை நழுவ விட்டாள். கணவன் வாயில் பொய் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏன்டா பாவி... உனக்கு நாங்க இன்னாடா கெடுதல் பண்ணோம்?"

"அக்கா, நீயுமா? பெருமாள் மேல சத்தியமா..."

"சாமி பேரை எடுக்காத! இன்னியோட எனக்குப் பொறந்த ஊடு இல்ல. நான் செத்தாலும் நீ வரக்கூடாது. போடா!"

கோபால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான்.

துளசிராமன் வரப்பிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "நாளைக்கு லாரிக்காரங்களை வரச் சொல்லிடறேன், கெங்கம்மா. வேற வழி இல்ல" என்றான்.

கெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் இன்னாங்க கொறை வெச்சேன்? இந்த ஒப்பந்தம் நல்லபடியா முடியணும்னு, எங்கம்மா ஊட்டு வழக்கப்படி, வெதை ஊற வெச்ச அன்னிக்கு அவன் பொங்க சீரா குடுத்த செவப்பு நெல்லைப் பெருமாள் முன்னாடி வெச்சுக் கும்புட்டு, மூட்டைக்கு ஒரு கை போட்டுத்தானே கட்டினேன்! சீர் குடுத்த கையே இப்டி எல்லாத்தையும் கெடுக்கும்னு எனக்கு இன்னாங்க தெரியும்?"