பீடி சுற்றும் பெண், தென்காசி அருகே

படத்தில் இருப்பது தன் மகள்தான் என்பதை அவள் முதலில் நம்பவில்லை.

ஆளுயரப் படம். மடியில் சொளவு என்கிற முறம். சொளவில் பீடி இலை. நூலைப் பல்லில் கடித்தபடி ஒரு பெண் குனிந்திருக்கிறாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கை ஒழியவில்லை.

இசக்கி.

சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்கு வந்த பிறகு அவள் மகளை நேரில் பார்த்ததில்லை. ஞாயிறு தோறும் குரல் மட்டும்தான்.

இன்றும் ஞாயிறு. வெயிலுக்கு ஒதுங்கலாம், ஏசி இருக்கும், டிக்கெட் கிடையாது என்று ஜெசிந்தாதான் இந்தப் புகைப்படக் கண்காட்சிக்குள் இழுத்து வந்தாள். பக்கத்து பிளாக்கில் வேலை செய்பவள், வேளாங்கண்ணிக்காரி. டாக்காவில் படகில் உட்கார்ந்து முகம் மழிப்பவர், மணிலாவில் பிள்ளையை வாளிக்குள் நிறுத்திக் குளிப்பாட்டுகிறவள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

படத்தின் கீழே ஆங்கிலத்தில் இருந்ததை ஜெசிந்தா எழுத்துக்கூட்டி வாசித்தாள். பீடி சுற்றும் பெண், தென்காசி அருகே.

இசக்கியின் அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கியது. மூலையில் நின்ற காவலரிடம் படத்தைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. கட்டைவிரலை உயர்த்தினார்.

ஜெசிந்தாவுக்குப் படத்திலேயே தன் வீட்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கினாள். அந்தப் பச்சைச் சுண்ணாம்பு, அவள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்காரரும் அவளுமாக அடித்தது. அந்த மூலை மழைக்கு ஒழுகும். அந்த மிக்சி அவள் முதல் சம்பளத்தில் அனுப்பியது. இன்னும் உறையைக்கூடக் கழற்றவில்லை பார், கழுதை.

ஜெசிந்தா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு தலையாட்டுவதை நிறுத்தினாள்.

அவள் பார்வை போன இடத்தை இவளும் பார்த்தாள். இசக்கியின் தலைக்கு மேலே, பாதி இருட்டில், சட்டம் போட்ட இன்னொரு படம்.

அதில் அவர்.

மாலை போட்டிருந்தது. கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு எரிந்தது.

அவளும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு போட்டோ. அதில் அவளை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவர் தோளருகே அவள் சேலையின் ஓரம் மிஞ்சியிருந்தது.

அவள் கை படத்தை நோக்கிப் போனது. காவலர் வேகமாக வந்தார். தொடக்கூடாது என்று கையசைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அப்பாவுக்கு வயநாட்டில் எஸ்டேட் வேலை. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வந்ததும் பேசச் சொல்கிறேன். வாராவாரம் இசக்கி சொன்னது இதுதான். வாராவாரம் அவளும் அவரை ஏசிவிட்டு போனை வைத்தாள்.

 

ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்காமல் அவள் போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே இசக்கி எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். எப்போதும் போல.

"மால காஞ்சி கெடக்கே ஏட்டி. மாத்தலியா?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ அணைத்தார்கள்.

எப்படித் தெரிந்தது என்று இசக்கி கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டார்கள். அதோடு பேச்சு போய்விட்டது. அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் போட்டது போட்டபடி வந்துவிடுவாள் என்று அவர்தான் சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவர் போன பிறகு, அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

"எப்பம்?"

"ஆவணில. ஒரு ஞாயித்துக்கெழம."

இசக்கியே தொடர்ந்தாள்.

"நீ போன்ல பேசிட்டுல்லா இருந்த. எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவேன், அப்பா கேக்கட்டும்னு. ஒன் கொரலக் கேட்டுக்கிட்டேதான் கெடந்தாவ. பாதியில கண்ணு நின்னு போச்சு. நான் ம் கொட்டிக்கிட்டே இருந்தேம்மா."

ஒரு குடும்பம் வந்து படத்தின் முன் நின்றது. பெண்ணின் விரல்களைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை.

அவள் தள்ளிப்போய் நின்றாள்.

ஆவணி. ஒரு ஞாயிறு. பூங்காவில் வழக்கமான மரத்தடியில் உட்கார்ந்துதான் பேசியிருப்பாள். மழையைப் பற்றியா? முதலாளியம்மாவின் நாயைப் பற்றியா? ஒன்றும் பிடிபடவில்லை. அவரை ஏசியிருப்பாள், அது மட்டும் நிச்சயம்.

"அன்னைக்கு நான் என்ன பேசினேன்?"

இசக்கி ஒருமுறை ம் கொட்டினாள்.

"ஞாவகம் இல்லம்மா" என்றாள்.