பச்சை சைக்கிள்

செல்போன் காட்டும் இடத்துக்குப் போய், யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடியெடுத்து, உள்ளிருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடுகிற விளையாட்டு என்றால் அக்காவுக்குப் பைத்தியம். ஞாயிறு காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காட்டுப்பாதையில் முடிந்தவரை சைக்கிள் மிதித்தோம். ஏற்றம் தொடங்கிய இடத்தில் இரண்டு சைக்கிளையும் ஒரே சங்கிலியில் பூட்டிவிட்டு நடந்தோம். சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

பாறை இடுக்கில் டப்பா கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினோம்.

சங்கிலியில் மூன்று சைக்கிள்கள் இருந்தன. நடுவில் நின்றது பச்சை நிறம். மர நிழலில் நின்றும் அதன் சீட் சூடாக இருந்தது.

"எவனோ வண்டிய நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

"சாவி எங்கிட்டதானே இருக்கு?"

"பேசாம பூட்டத் திற."

பச்சை சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கிளம்பினோம். சிறிது தூரத்தில், பின்னால் சருகுகள் மேல் இன்னொரு டயர் ஏறும் சத்தம் கேட்டது. நான் பிரேக் பிடித்தேன். அதுவும் நின்றது.

"திரும்பிப் பாக்காத. மிதி" என்றாள் அக்கா. கைப்பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

பாதை முடிவில் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே வந்து மூச்சு வாங்க நின்றோம். அவர் உடனே மூடவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

"பாத்துப் போங்க சார்" என்றார், எங்களைப் பார்க்காமல். பிறகு கேட்டைச் சாத்தினார்.