முன்வாசல் வழியாக

“தலைவர் பதவி உங்களுக்கு வேண்டாம் மேடம். நீங்களே யார்கிட்டயோ கவுன்சலிங் போறீங்களாமே? அந்த நாற்காலியில உக்கார்றவங்க தலைவர் நாற்காலியில உக்காரலாமா?”

போனில் பேசியவர், தனியாகத் தொழில் நடத்தும் மனநல ஆலோசகர்களின் சங்கச் செயலாளர். கேட்டுக்கொண்டிருந்த அவள், நாளை மறுநாள் அந்தச் சங்கத்துக்குத் தலைவராகப் போகிறவள்.

“யார் சொன்னா?”

“அதை விடுங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்.”

“நானே சொல்லப் போறேன் சார். நாள் முழுக்க ஊரார் அழுகையைக் கேட்கறேன். அதை எங்கயாவது இறக்கி வைக்கணும்ல? பதவியேற்பு உரையில முதல் வரியே அதுதான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை தன் ஆலோசகரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்தாள். வருகிறவரும் போகிறவரும் முகம் பார்த்துக்கொள்ளாமல் இருக்க, அங்கே பின்வாசல் ஒன்று உண்டு. ஆலோசகர் வழக்கம்போல் அந்தக் கதவைத் திறந்தார்.

“இனிமே எனக்கு முன்வாசல்தான்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெளியே ஒருவர் மட்டும் காத்திருந்தார். அவளைக் கண்டதும் மடியிலிருந்த ஹெல்மெட்டை அவசரமாகத் தலையில் மாட்டினார்.

“உள்ள போங்க, செயலாளர் சார்” என்றாள். “நாற்காலி இன்னும் சூடாத்தான் இருக்கு.”